ஜவ்வால் க்ஹர்பான்: வளைகுடாவில் போன், கொம்பியூட்டர் பழுதை அரபியில் சொல்வது எப்படி

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ போன் பழுதானால் கடைத் தம்பியிடம் நீட்டி, "சார்ஜ் ஏறுதில்லை, இடைக்கிட நிண்டு போகுது, ஒருக்காப் பாருமன்" என்றால் காரியம் முடிந்தது. ரியாத்திலோ குவைத்திலோ அதே போனோடு நிற்கும்போது அந்த ஒரு வசனம்தான் வராது. சைகை காட்டினால் எதிரில் நிற்பவர் தனக்கு விளங்கியதைச் செய்வார். சார்ஜ் துளையைத் துப்புரவாக்கக் கொடுத்த போன், உள்ளிருந்த பிள்ளையின் படமெல்லாம் அழிந்து, புதுப்போன் மாதிரித் திரும்பி வரும். அதற்குக் காசும் கேட்பார்கள்.

இதைத் தவிர்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஐம்பது சொல் போதும், அவற்றைச் சொல்லும் ஒழுங்கு தெரிந்தால். இங்கே தருவது வளைகுடாப் பேச்சு அரபு. முதலே ஒன்று: சவூதி தவிர்ந்த வளைகுடா நாடுகளில், போன் திருத்தும் கடைகளில் மலையாளிகள், பாகிஸ்தானியர், வங்காளிகள் நிறைய. மலையாளி அகப்பட்டால் தமிழிலேயே அரைவாசி ஓடிவிடும். அரபு கட்டாயம் தேவைப்படுவது சவூதிக் கடைகளில், வேலை வீட்டில், கம்பனி அலுவலகத்தில், சிம் கவுண்டரில்.

1. புறப்பட முன் ஊரில் முடிக்க வேண்டியவை

உச்சரிப்பு முதல். நம் வாய்க்கு இடறுவது மூன்று. ஒன்று ‘ஃப’: உதட்டை மூடாமல் சொல்ல வேண்டும், "மா ஃபீ" (இல்லை) என்பதை "மா பீ" என்றால் ஆள் முழிப்பார். இரண்டு, இங்கே ‘க்ஹ’ என்று எழுதியிருப்பது: தொண்டையைக் காறும்போது வரும் சத்தம். மூன்று, தொண்டையை இறுக்கிச் சொல்லும் ‘ஐன்’. வவுனியா, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் மதரசாவில் ஓதிக்கொடுக்கும் மௌலவி ஒருவரைத் தெரிந்தால், ஒரு மணி நேரம் கேட்டு இந்த எழுத்துகளை மட்டும் வாயில் பழகிக்கொள்ளுங்கள். ஓதும் அரபும் கதைக்கும் அரபும் வேறு, ஆனால் எழுத்தின் சத்தம் ஒன்றுதான்.

அடுத்தது போன். *#06# என்று அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் (உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்) திரையில் வரும். அதைக் கடதாசியில் எழுதி ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள், ஒன்றை உங்கள் பெட்டியில். போன் வாங்கிய பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வீட்டாருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். படங்களையும் தொடர்பு எண்களையும் கூகுள் கணக்கில் ஏற்றி, அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட்டையும் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அங்கே போய் மறந்தால், மீட்கும் குறியீடு பழைய இலங்கைச் சிம்முக்குத்தான் வரும். அந்தச் சிம் அதற்குள் செத்திருக்கும்.

சார்ஜர்: வளைகுடா நாடுகளில் பெரும்பாலும் சதுர மூன்று முள் சொக்கற். நம் பழைய வீடுகளின் உருண்டை முள் அங்கே நுழையாது. சார்ஜரில் 100 முதல் 240 வோல்ற் என்று அச்சிட்டிருந்தால் மின்சாரத்தால் பயமில்லை, மாற்றி ஒன்று போதும். முள்ளுக்குச் சவூதியில் "ஃபீஷ்" என்பார்கள், நீட்டு வயருக்கு "தவ்ஸீலா".

2. வசனம் கட்டும் முறை

இதில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. "போன் பழுது" என்று நாம் இரண்டு சொல்லில் முடிப்பது போலவே அரபியிலும் முடியும். "ஜவ்வால் க்ஹர்பான்." நடுவில் ஒன்றும் வேண்டாம். ஆங்கிலம் படித்தவர்கள்தான் இடையில் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறுவார்கள்.

பொருளின் பெயர் ‘ஆ’ என்று முடிந்தால் அது பெண்பால். பழுதைச் சொல்லும் சொல்லுக்கும் ‘ஆ’ சேர்க்க வேண்டும். திரை "ஷாஷா", ஆகவே "ஷாஷா மக்ஸூரா", திரை உடைந்தது. பற்றரி "பத்தாரிய்யா", ஆகவே "பத்தாரிய்யா க்ஹர்பானா".

செய்யவில்லை என்பதற்கு "மா யி…": "மா யிஷ்தகில்", வேலை செய்யவில்லை. "மா யிஃப்தஹ்", திறக்கவில்லை, ஓன் ஆகவில்லை. பெண்பால் பொருளென்றால் "மா தி…": "ஷாஷா மா திஷ்தகில்". தவறிச் சொன்னாலும் விளங்கும், அதற்காக வாயை மூட வேண்டாம்.

போனுக்குச் சவூதியில் "ஜவ்வால்", மற்ற நாடுகளில் "மோபைல்", எங்கும் "தலஃபோன்". லெபனான், ஜோர்தானில் "மா ப்யிஷ்தகில்" என்று ஒரு ‘ப்’ சேரும். "வேண்டும்" என்பதற்கு வளைகுடாவில் "அபி" அல்லது "அப்கா", லெபனான், ஜோர்தானில் "பித்தி".

ஒழுங்கு இது: பொருள், பழுது, எப்போதிருந்து, என்ன வேண்டும். "ஜவ்வால் மா யிஷ்ஹன், மின் யோமேன், அப்கா அகய்யிர் பத்தாரிய்யா பஸ்." போன் சார்ஜ் ஏறவில்லை, இரண்டு நாளாக, பற்றரி மட்டும் மாற்ற வேண்டும். கடைசியில் நிற்கும் "பஸ்" என்பதைத் தின்றுவிடாதீர்கள். அதற்கு ‘மட்டும்’ என்று பொருள். அது இல்லாவிட்டால் கடைக்காரர் தானாக நாலு வேலை சேர்த்துக்கொள்வார். நேற்றிலிருந்து என்றால் "மின் அம்ஸ்".

ஆண், பெண் பேச்சில் பெரிய பொறி ஒன்று உண்டு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நாள் முழுதும் கேட்பது தங்களைப் பார்த்துச் சொல்லும் கட்டளைகள்: "ஷூஃபி" (பார்), "ஜீபி" (கொண்டு வா), "தஆலி" (வா). அந்த ‘இ’ பெண்ணிடம் பேசும் வால். அதையே கடைக்கார ஆணிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆணிடம் "ஷூஃப்", "ஜீப்", "தஆல்". தயவுசெய்து என்பது ஆணுக்கு "லவ் ஸமஹ்த்", பெண்ணுக்கு "லவ் ஸமஹ்தி". திருத்துபவரை "யா முஹந்திஸ்" (எஞ்சினியர்) என்று கூப்பிட்டால் முகம் மலரும். "யா அக்ஹி" (சகோதரா) எங்கும் பொருந்தும்.

3. பழுது வாரியாகச் சொற்கள்

சார்ஜ், பற்றரி. சார்ஜர் "ஷாஹின்". பற்றரி கெதியாக இறங்குகிறது: "பத்தாரிய்யா திக்ஹ்லஸ் பிஸுர்ஆ". ஊதிப் போய்விட்டது: "மன்ஃபூக்ஹா". ஊதின பற்றரியை அமர்த்தியோ ஊசியால் குத்தியோ பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். சார்ஜும் போடாதீர்கள், அன்றே மாற்றுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் போனை விடுவதும் இதற்கு ஒரு காரணம். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெப்பம் 0 முதல் 35 பாகை என்று அதன் கம்பனியே சொல்கிறது. வளைகுடாக் கோடையில் நிழலே அதைத் தாண்டும். சூடாகிறது: "யிஸ்க்ஹன்".

சார்ஜ் ஏறாத போன்களில் பலவற்றுக்குத் துளைக்குள் தூசி அடைந்திருப்பதே கோளாறு. "குபார்" என்றால் தூசி. "நள்ளிஃப்" என்றால் துப்புரவாக்கு. பற்றரி மாற்றக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள், செலவு மிச்சம்.

‘ஷஹ்ன்’ என்ற சொல்லில் கவனம். பற்றரிக்கு ஏற்றுவதும் ஷஹ்ன், நாம் ரீலோட் என்பதும் ஷஹ்ன், ஊருக்குப் பெட்டி அனுப்பும் கார்கோவும் ஷஹ்ன். கடைவாசலில் அந்தச் சொல்லைப் பார்த்து ரீலோட் என்று நுழைந்தால் உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். ரீலோட் வேண்டுமென்றால் மீதித் தொகையைக் குறிக்கும் "ரஸீத்" என்ற சொல்லைச் சேருங்கள்: "அபி ஷஹ்ன் ரஸீத்".

விழுந்தது, நனைந்தது. "தாஹ் மின்னி", கையிலிருந்து விழுந்தது. தண்ணீருக்குள் விழுந்தது: சவூதியில் "தாஹ் ஃபில் மோயா", குவைத், கத்தார், அமீரகத்தில் "ஃபில் மாய்". உண்மையைச் சொல்லுங்கள். நனைந்ததை மறைத்தால் சார்ஜில் போட்டுப் பார்ப்பார்கள், உள்ளிருக்கும் போர்ட் (மின்சுற்றுப் பலகை) அங்கேயே எரியும்.

நின்று போதல். ஸ்டக் ஆகிறது: "யிஅல்லிக்". தானாக அணைகிறது: "யிஃப்ஸில்". மெதுவாக ஓடுகிறது: "பதீ". இடமில்லை, மெமரி நிறைந்துவிட்டது: "தாகிரா மல்யானா".

கவரேஜ், இன்ரநெற். "மா ஃபீ ஷபகா", கவரேஜ் இல்லை. "நெத் தஈஃப்", இன்ரநெற் வலுவில்லை. "நெத் மக்தூஃ", அறுந்து கிடக்கிறது. அமீரகம் போகிறவர்களுக்கு: வட்ஸ்அப்பில் எழுத்தும் குரல் பதிவும் போகும், அழைப்பு மட்டும் போகாது. அது பழுதல்ல, அங்கே தடுத்திருக்கிறார்கள். அதற்காகக் கடையில் காசு கொடுக்காதீர்கள்; விபிஎன் (தடையைச் சுற்றிப் போகும் செயலி) போட்டுத் தருகிறேன் என்பவரையும் நம்ப வேண்டாம், அந்த நாட்டின் சட்டம் கடுமை.

நேரம் மாறியதால் வரும் கோளாறும் உண்டு. சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னே. அமீரகமும் ஓமானும் ஒன்றரை மணி. போன் நேரத்தைக் கையால் மாற்றி வைத்தால் வங்கிச் செயலிகள் திறக்காமல் அடம்பிடிக்கும். தானியங்கி நேரத்தில் விடுங்கள்.

4. கடைக்காரர் கேட்பது

நீங்கள் சொல்வதை விட அவர் கேட்பது விளங்காமல்தான் பலர் மாட்டுகிறார்கள். கேள்விகள் ஐந்தாறுதான்.

"விஷ் ஃபீஹ்?" (சவூதி), "ஷு ஃபீஹ்?" (அமீரகம்): இதுக்கு என்ன?
"தாஹ்?": விழுந்ததா?
"தக்ஹல் ஃபீஹ் மோயா?": தண்ணி போனதா?
"இந்தக் ஃபாதூரா?": பில் இருக்கா? பெண்ணிடம் "இந்திச்" அல்லது "இந்திக்" என்பார்கள். தமிழ்க் காதுக்கு ‘இந்தக்’ என்று சுட்டுச்சொல் போலக் கேட்கும், குழம்பவேண்டாம். ‘உன்னிடம்’ என்று பொருள்.
"ஃபீ தமான்?": வாரண்டி இருக்கா?
"கம் ரம்ஸ்?", "ஈஷ் ரம்ஸ்?": திறக்கும் குறியீடு என்ன? இதற்கு மட்டும் உடனே பதில் சொல்லாதீர்கள். கீழே 6-ஐப் பாருங்கள்.

விளங்காவிட்டால் "மா ஃப்ஹிம்த்" (விளங்கவில்லை), "ஷ்வய் ஷ்வய்" (மெல்ல மெல்ல). தலையாட்டி "ஐவா" (ஓம்) சொல்லும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் சொன்ன ஓமுக்குத்தான் பில் வரும்.

5. விலையும் பற்றுச்சீட்டும்

போனைத் திறக்க முன்பே கேட்க வேண்டியது: "ஃபஹ்ஸ் பிகம்?", பார்ப்பதற்கு எவ்வளவு? "பலாஷ்" என்றால் இலவசம். பிறகு "கித்ஆ பிகம், ஷுக்ல் யத் பிகம்?", சாமான் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு? இரண்டையும் பிரித்துக் கேட்டால் விலை ஏறாது. சாமானைப் பற்றி: "அஸ்லி வல்லா தக்லீத்?", அசலா, போலியா? போலி டிஸ்பிளே மலிவு. ஆனால் வெளிச்சம் குறையும், தொடுகை பிந்தும். கையில் காசில்லாத காலத்தில் போலி போடுவதில் தவறில்லை, அசல் விலைக்குப் போலி வாங்குவதுதான் ஏமாற்று.

எண்ணில் இரண்டு பொறி. "க்ஹம்ஸ்தஅஷ்" 15, "க்ஹம்ஸீன்" 50. "ஸப்ஆ" 7, "திஸ்ஆ" 9. காதை நம்பாமல் "இக்திப்" (எழுது) என்று சொல்லிக் கல்குலேற்றரில் அடிக்கச் செய்யுங்கள். கடதாசியில் அரபு இலக்கத்தில் எழுதினால் இன்னும் கவனம்: சின்ன வட்டம் பூச்சியமல்ல, அது 5. பூச்சியம் வெறும் புள்ளி. நம் 7 மாதிரி இருப்பது 6. ஆங்கில எழுத்து வி மாதிரி இருப்பது 7, கவிழ்த்த வி 8. எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண்ணை இடமிருந்து வலமாகவே வாசிக்க வேண்டும்.

குவைத், பஹ்ரைன் தினாருக்கு 1000 ஃபில்ஸ், ஓமான் ரியாலுக்கு 1000 பைஸா. சவூதி, கத்தார் ரியாலும் அமீரகத் திர்ஹமும் 100 ஆகப் பிரியும். குவைத்தில் "நுஸ் தினார்" என்றால் 500 ஃபில்ஸ். சின்னக் காசு என்று நினைத்து நீட்டிவிடாதீர்கள்.

வரியையும் கேளுங்கள்: "மஅ தரீபா?", வரியோடா? சவூதியில் வற் 15 வீதம், பஹ்ரைனில் 10, அமீரகத்திலும் ஓமானிலும் 5. குவைத்திலும் கத்தாரிலும் வற் இல்லை. பேரம் பேச "காலி" (விலை கூட), "ஆக்ஹிர் கலாம்?" (கடைசிப் பேச்சு என்ன?). இரண்டு தரம் கேட்கலாம், மூன்றாம் தரம் கேட்டால் மனம் கோணும்.

காசு கொடுத்ததும் "ஃபாதூரா". வாரண்டி வாய்ப்பேச்சாக இருந்தால் அது வாரண்டியே அல்ல: "கம் யோம் தமான்?" (எத்தனை நாள்?) என்று கேட்டு, அந்த நாளைப் பில்லில் எழுதச் செய்யுங்கள். பாவித்த போன் வாங்கினாலும் பில் கட்டாயம். பில் இல்லாத போன் களவுப்போனாக இருந்தால் பிடிபடுவது நீங்கள். ஊருக்குக் கொண்டுவரப் போகும் போனென்றால் வாங்க முன் ஐஎம்இஐ என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தை இலங்கைச் சிம்மிலிருந்து 1909-க்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். வீட்டில் இருப்பவர் இரண்டு நிமிசத்தில் பார்த்துச் சொல்லலாம்.

6. போனைக் கையிலிருந்து விடமுன்

சிம்மைக் கழற்றுங்கள். சிம் "ஷரீஹா", குவைத்தில் "க்ஹத்". கழற்றும் ஊசிக்கு "தப்பூஸ்". உங்கள் அடையாள அட்டையில் பதிந்த அந்த எண்ணுக்குத்தான் வங்கிக் குறியீடும் அரசாங்கச் செயலிகளின் குறியீடும் வரும். சிம்மோடு போனைக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பது.

சாம்சுங் போனில் பராமரிப்பு முறை ஒன்று இருக்கிறது: செற்றிங்ஸில் பற்றரி, சாதனப் பராமரிப்பு என்ற பகுதிக்குள். அதைப் போட்டால் படமும் செய்தியும் மறைந்திருக்கும், திருத்துபவர் போனைச் சோதிக்கலாம், ரம்ஸ் கொடுக்கத் தேவையில்லை. பழைய போனென்றால், திரையும் பற்றரியும் மாற்ற ரம்ஸ் தேவையே இல்லை என்று நின்றுகொள்ளுங்கள். சோதிக்க வேண்டுமானால் நீங்களே திறந்து காட்டலாம். பெண்கள் தங்கள் படங்களை முதலே அழித்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

பிறகு இந்த இரண்டு வசனம்: "லா தஸவ்வி ஃபோர்மாத்" (ஃபோர்மற் செய்யாதே), "லா திம்ஸஹ் ஸுவர்" (படங்களை அழிக்காதே). விட்டுவிட்டுப் போவதென்றால் "வஸ்ல்" கேளுங்கள், பொருளை ஒப்படைத்த துண்டு. அதில் போனின் மாதிரியும் ஐஎம்இஐ எண்ணும் பேசிய தொகையும் இருக்க வேண்டும். ஈடாக அடையாள அட்டை கேட்டால் பிரதி கொடுக்கலாம். மூல அட்டையோ கடவுச்சீட்டோ ஒருபோதும் கொடுக்கக்கூடாது.

7. எப்ப வர?

"மிதா யிக்ஹ்லஸ்?", எப்ப முடியும்? பதில் மணிக்கணக்கில் வராது, தொழுகைக் கணக்கில் வரும். "பஅத் அஸர்", பின்னேரத் தொழுகைக்குப் பின். "பஅத் மக்ரிப்", பொழுது பட்ட பின். "பஅத் இஷா", இரவு. நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். "புக்ரா" என்றால் நாளை. குவைத், அமீரகத்தில் "பாச்சிர்". இன்ஷா அல்லாஹ்வோடு சேர்ந்து வரும் நாளை ஊரில் ‘நாளைக்குப் பாப்பம்’ என்பது போலத்தான். "அய் ஸாஆ?" (எத்தனை மணிக்கு?) என்று இறுக்கிக் கேளுங்கள்.

மத்தியானம் பல கடைகள் பூட்டிப் பின்னேரம் திறக்கும், வெள்ளி ஜும்ஆ நேரம் பூட்டு. நோன்பு மாதத்தில் இரவில்தான் கடைத்தெரு உயிர்க்கும். ஓய்வு நாள் வெள்ளி மட்டும் உள்ளவர்கள் வியாழன் இரவே கொடுத்துவிடுங்கள்.

8. வீட்டிலும் அலுவலகத்திலும்

அறிக்கை சொல்வது சுருக்கமாக இருக்கட்டும். வீட்டு எஜமானியை அங்கே "மாமா" என்று கூப்பிடுவார்கள்: "மாமா, நெத் மக்தூஃ." அவர் "தஃப்ஃபீ வ ஷக்ஃகிலீ" என்றால் அணைத்துத் திரும்பப் போடு என்கிறார். ஆணிடம் சொன்னால் "தஃப்ஃபி வ ஷக்ஃகில்". அவர்களின் லப்டொப்பில் எதையும் தானாக அமத்திப் பார்க்காதீர்கள். உடைந்து கிடப்பதைக் கண்டால் கண்ட நேரத்திலேயே சொல்லுங்கள், பிந்தினால் பழி உங்கள் தலையில் வரும். அலுவலகத்தில்: "தாபிஆ மா தித்பஃ", பிரிண்டர் அடிக்கவில்லை. "ஹிப்ர் க்ஹலஸ்", மை முடிந்தது. "வரக் ஆலிக்", கடதாசி சிக்கிவிட்டது. "நிஸீத் ரம்ஸ்", பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன். அரபியில் நம் வல்லின ‘ப’ இல்லை. அவர்கள் மென்மையாக "பாஸ்வோர்த்" என்பதும் "பிரிந்தர்" என்பதும் அதனால்தான்.

அரபு மொழியில் இருக்கும் திரையில் இரண்டு பொத்தான்களை மட்டும் கண்ணால் படியுங்கள். சேமி என்பது "ஹிஃப்ழ்", அழி என்பது "ஹத்ஃப்". இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கும், இரண்டிலும் மூன்று எழுத்து, நம் காதுக்கு ஒரே சத்தம். வேறுபாடு உருவத்தில்: ‘ஹிஃப்ழ்’ மூன்று எழுத்தும் ஒட்டி ஒரே கோடாக ஓடும், கடைசி எழுத்தில் நிமிர்ந்த தண்டு ஒன்று நிற்கும். ‘ஹத்ஃப்’ நடுவில் உடையும். கடைசி எழுத்து தனியே விலகி நிற்கும். ஒட்டியிருந்தால் காக்கும், உடைந்திருந்தால் அழிக்கும். குர்ஆனை மனனமாக்கியவரை ஹாபிழ் என்பார்களே, முதற்சொல்லின் வேர் அதுதான்: காத்து வைத்தல். "இல்கா" என்றால் இரத்து. சந்தேகம் வந்தால் அதை அமத்துங்கள்.

வட்ஸ்அப்பில் அரபியை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புவார்கள். நடுவில் 7 வந்தால் அழுத்தமான ஹ, 3 வந்தால் ஐன், 5 வந்தால் க்ஹ. பிழையான தட்டச்சு என்று நினைக்க வேண்டாம்.

9. சிம் தொலைந்தால்

முதல் வசனம்: "ஷரீஹா தாஅத்", சிம் தொலைந்தது. இரண்டாவது: "வக்கிஃப் ஷரீஹா", சிம்மை நிறுத்து. மூன்றாவது: "அபி பதல் ஃபாகித்", தொலைந்ததற்குப் பதில் வேண்டும். பதல் ஃபாகித் என்பது கவுண்டர்களில் வழங்கும் முறையான சொல். அதைச் சொன்னால் வேறு விளக்கம் தேவைப்படாது. மூல அடையாள அட்டையோடு நேரில் போகவேண்டும். சிம் முதலாளியின் பெயரில் எடுத்ததென்றால் அவர் வராமல் கிடைக்காது; ஆகவே போன உடனேயே உங்கள் அட்டை கையில் கிடைத்ததும் உங்கள் பெயரில் ஒரு சிம் எடுத்துவிடுங்கள். போனும் சேர்ந்து தொலைந்தால் பொலிசில் "பலாக்" (முறைப்பாடு) கொடுக்கும்போது கேட்கப்படும் எண், நீங்கள் பெட்டிக்குள் எழுதி வைத்த அந்த 15 இலக்கம்.

இடைப்பட்ட நாளில் யாராவது போன் எடுத்து "ரம்ஸ் தஹக்குக்" சொல்லுங்கள் என்றால் அது ஓடிபி, ஒருதரம் மட்டும் பாவிக்கும் இரகசியக் குறியீடு. சிம் கம்பனி என்றாலும், வங்கி என்றாலும் ஒரே பதில்: "லா." வைத்துவிடுங்கள்.